இந்தக் காலத்துக் கைநாட்டு

(தொடர்கல்வி மையக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று ஒரு திருட்டைப் பற்றிப் பேசப் போகிறோம்.

இந்தத் திருடன் இருட்டில் வருவதில்லை. ஓட்டைப் பிரித்து இறங்குவதில்லை. பூட்டை உடைப்பதில்லை. பட்டப்பகலில் நம்மை போனில் கூப்பிடுவான். "அம்மா" என்பான், "ஐயா" என்பான். நம் கையாலேயே நம் பூட்டைத் திறக்க வைப்பான். திறந்து கொடுத்துவிட்டு, அவனுக்கு நன்றியும் சொல்லி போனை வைப்போம்.

எப்படி என்று பார்ப்போம். முதலில் ஒரு கதை.

ஒரு தையற்காரம்மாவின் கதை

பெயர் வேண்டாம். ஊர் வேண்டாம். எந்த ஊரிலும் நடக்கக்கூடிய கதை இது.

ஓர் அம்மா. வயது 42. வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். கற்போர் மையத்துக்கு வந்துதான் எழுத்துக் கற்றார். முதலில் தன் பெயரை எழுதினார். பிறகு பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படித்தார். பிறகு ரேஷன் கடைப் பலகையைப் படித்தார்.

வங்கியில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அதில் 19,200 ரூபாய் சேர்த்திருந்தார். எல்லாம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு. ஒவ்வொரு ஜாக்கெட்டாகத் தைத்துச் சேர்த்த பணம்.

ஒரு நாள் மாலை 7 மணி. அவருடைய போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. தமிழில் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அன்பான வாடிக்கையாளரே! உங்கள் சென்ற மாத மின் கட்டணம் கணக்கில் ஏறவில்லை. இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே அதிகாரியைக் கீழ்க்கண்ட எண்ணில் அழைக்கவும்."

முழுவதையும் அவரே படித்துவிட்டார். யார் உதவியும் இல்லை. உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி. கூடவே பயம். மறுநாள் ஒரு கல்யாண வீட்டுக்கு 6 ஜாக்கெட் கொடுக்க வேண்டும். இரவு விளக்கு இல்லாவிட்டால் எப்படித் தைப்பது?

அந்த எண்ணுக்கு போன் செய்தார். எடுத்தவன் மிகவும் மரியாதையாகப் பேசினான்.

"அம்மா, நீங்க பணம் கட்டினது சரிதான். கம்ப்யூட்டர்ல ஏறலை. ஒரு லிங்க் அனுப்புறேன். அதைத் தொட்டு 10 ரூபாய் கட்டுங்க. பழைய பணமும் தானா ஏறிடும்."

பத்து ரூபாய்தானே என்று நினைத்தார். லிங்கைத் தொட்டார். ஒரு பக்கம் திறந்தது. மேலே மின்சார பல்பு படம். கீழே கட்டங்கள். "ஏ.டி.எம். கார்டுல இருக்கிற நம்பரை அதுல போடுங்கம்மா" என்றான். போட்டார். கார்டின் பின்பக்கம் இருக்கும் 3 எண்களையும் போட்டார்.

போன் மணி அடித்தது. ஒரு செய்தி வந்தது. இது ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. எண்கள் தெரியும்.

"சார், ஆறு நம்பர் வந்திருக்கு."

"சொல்லுங்கம்மா. அதுதான் உங்க ரசீது நம்பர்."

சொன்னார்.

"தப்பா விழுந்திருச்சு அம்மா. இன்னொண்ணு வரும். அதையும் சொல்லுங்க."

அதையும் சொன்னார். "ரொம்ப நன்றிம்மா. இனிமே கரண்ட் போகாது" என்று சொல்லி அவன் போனை வைத்தான்.

கரண்ட் போகவில்லை. பணம்தான் போயிற்று. முதல் தடவை 9,500 ரூபாய். இரண்டாவது தடவை 9,000 ரூபாய். கணக்கில் மிஞ்சியது 700 ரூபாய்.

அன்று இரவு அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம், பயம். வீட்டில் என்ன சொல்வார்கள்? மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஜாக்கெட் தைத்துக்கொண்டே அழுதார்.

காலையில் மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொன்னார்:

"பேசாம கைநாட்டாவே இருந்திருந்தா இந்த வினை வந்திருக்குமா?"

பணம் போனது ஒரு பக்கம். இந்த வார்த்தை இன்னொரு பக்கம். இதுதான் அவரை அதிகமாகச் சுட்டது. அவரிடம் அப்போது பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

படித்ததும் படிக்காததும்

பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண். "அத்தை, போனைக் காட்டுங்க" என்று வாங்கிப் பார்த்தாள். ஆறு எண்கள் வந்த அந்த ஆங்கிலச் செய்தியைத் தமிழில் சொன்னாள்.

"இந்த எண் 9,500 ரூபாய் செலுத்துவதற்கு. இதை யாரிடமும் சொல்லாதீர்கள்."

அவ்வளவுதான் அதில் இருந்தது. ஆனால் எல்லாமே அதில் இருந்தது.

திருடன் அந்த அம்மாவுக்குத் தெரிந்த மொழியில் எழுதினான். எச்சரிக்கை தெரியாத மொழியில் வந்தது. அவர் படித்த செய்தி பொய். படிக்காமல் விட்ட செய்தி உண்மை.

மாமியாருக்குப் பதில் இதுதான். படித்ததால் பணம் போகவில்லை. ஒன்றைப் படித்து, மற்றொன்றைப் படிக்காமல் விட்டதால் போயிற்று. தவறு எழுத்தில் இல்லை. அவசரத்தில்தான் இருந்தது.

வெற்றுத் தாளும் விரல் ரேகையும்

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் வட்டிக்குக் கடன் வாங்கப் போவோம். கடன் கொடுப்பவர் ஒரு தாளை நீட்டுவார். மையை விரலில் தடவுவார். "இங்கே வை" என்பார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. சில தாளில் ஒன்றுமே எழுதியிருக்காது. பிறகு அவர் எழுதிக்கொள்வார். வாங்கியது 500. எழுதியது 5,000. நிலம் போனவர் உண்டு, ஆடு மாடு போனவர் உண்டு.

படிக்கக் கற்றோம். கையெழுத்துப் போடக் கற்றோம். "என்ன எழுதியிருக்கு? படிச்சுப் பார்த்துத்தான் போடுவேன்" என்று சொல்லும் தைரியம் வந்தது.

அந்த ஆறு எண்ணுக்கு ஓ.டி.பி. என்று பெயர். ஒரு முறை மட்டுமே செல்லும் எண் என்று பொருள். நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போகும் முன் வங்கி நம்மைக் கேட்கிறது. "இது நீதானா? உனக்குச் சம்மதமா?" என்று கேட்கிறது. அந்த எண்ணைச் சொன்னால் "சம்மதம்" என்று பொருள்.

அப்படியானால் ஓ.டி.பி. என்பது என்ன? அது நம் கைநாட்டு. இந்தக் காலத்துக் கைநாட்டு.

ஏ.டி.எம். பின் எண்ணும் அப்படித்தான். போனில் பணம் அனுப்பும்போது போடுகிறோமே யு.பி.ஐ. பின், அதுவும் அப்படித்தான். எல்லாம் நம் விரல் ரேகை. போனில் ஒருவனுக்கு அதைச் சொல்வது, முகம் தெரியாதவன் நீட்டும் வெற்றுத் தாளில் பெருவிரலை வைப்பது போல.

வங்கி மேனேஜர் இதைக் கேட்க மாட்டார். போலீஸ் கேட்காது. மின்சார ஆபீஸ் கேட்காது. கேட்கிறவன் யாராக இருந்தாலும் அவன் திருடன். இதில் விதிவிலக்கே இல்லை.

தூண்டில்

இந்தத் திருட்டுக்கு ஆங்கிலத்தில் "ஃபிஷிங்" என்று பெயர். மீன் பிடித்தல் என்பதற்கும் ஆங்கிலத்தில் இதே உச்சரிப்புத்தான். 1990-களின் நடுவில் அமெரிக்காவில் இந்தச் சொல் வழக்கில் வந்தது. அங்கே கம்ப்யூட்டரில் செய்தி அனுப்பும் வசதியைப் பலர் புதிதாகப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். சிலர் கம்பெனி ஊழியர் போல நடித்து அவர்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். "கணக்கைச் சரிபார்க்க வேண்டும், ரகசியச் சொல்லைத் தாருங்கள்" என்று கேட்டார்கள். பலர் கொடுத்துவிட்டார்கள்.

அன்று வந்தது மின்னஞ்சலில். இன்று குறுஞ்செய்தியில் வருகிறது. வாட்ஸ்அப்பில் வருகிறது. நேராக போனிலும் வருகிறது. வழி மாறியது. தூண்டில் மாறவில்லை.

தூண்டிலில் மூன்று விதமான புழு வைக்கிறார்கள்.

முதல் புழு, பயம். "இன்று இரவு கரண்ட் போய்விடும்." "உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும்." "கே.ஒய்.சி. முடிக்காவிட்டால் ஏ.டி.எம். கார்டு வேலை செய்யாது." கே.ஒய்.சி. என்பது நாம் யார் என்று வங்கி சரிபார்ப்பது. அந்த வேலைக்கு பாஸ்புக்கையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நேரே வங்கிக்குப் போகலாம். போனில் வந்த லிங்கைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது புழு, ஆசை. "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது." "அரசாங்க உதவித்தொகை வந்திருக்கிறது, பெற்றுக்கொள்ள இங்கே தொடவும்." வேலை தேடும் பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் வருகிறது. "நீங்கள் தேர்வு செய்யப்பட்டீர்கள். பதிவுக் கட்டணமாக 1,500 ரூபாய் அனுப்பவும்." பெரிய கம்பெனியின் சின்னம் மேலே இருக்கும். சின்னத்தை யாரும் நகல் எடுத்து ஒட்டலாம். சின்னத்தைப் பார்த்து நம்பக் கூடாது.

மூன்றாவது புழு, மரியாதை. அதிகாரி என்றால் நாம் எழுந்து நிற்போம். அதை அவன் அறிவான். போலீஸ் உடுப்பு மாட்டிக்கொண்டு வீடியோவில் வருவான். "உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது. உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம். போனை வைக்கக் கூடாது. யாரிடமும் பேசக் கூடாது" என்பான். டிஜிட்டல் கைது என்று நம் நாட்டுச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை. எந்தப் போலீஸும் வீடியோவில் கைது செய்வதில்லை. கைதை விட்டுவிட போனில் பணம் கேட்பதும் இல்லை. இப்படி ஏமாந்தவர்களில் ஓய்வு பெற்ற அதிகாரிகள் உண்டு. டாக்டர்கள் உண்டு. ஆகவே, ஏமாந்தவரைப் பார்த்து "படிக்காதவர்" என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒன்று வரும். தொட்டால் படம் திறக்காது. "இதை போனில் ஏற்றட்டுமா?" என்று போன் நம்மைக் கேட்கும். சரி என்றால், நம் போனுக்குள் அவன் ஆள் ஒருவனை உட்கார வைத்தது போல. நமக்கு வரும் ஓ.டி.பி.யை நாம் சொல்லாமலே அவன் படித்துக்கொள்வான். தெரியாத எண்ணிலிருந்து வந்த பத்திரிகை நமக்கு வேண்டாம். தெரிந்தவர் அனுப்பியிருந்தாலும் போன் அப்படிக் கேட்டால் "வேண்டாம்" என்று விடுங்கள். அழைக்க நினைப்பவர் இன்னொரு முறை கூப்பிடுவார்.

மூன்று புழுவிலும் ஒரே முள் இருக்கிறது. அது "உடனே" என்ற சொல். உடனே தொடு. உடனே சொல். உடனே கட்டு. உண்மையான அலுவலகம் அவகாசம் கொடுக்கும். திருடன்தான் அவகாசம் கொடுக்க மாட்டான். நமக்கு யோசிக்க நேரம் கிடைத்தால் அவன் பிழைப்பு போய்விடும்.

ஊர்ப் பெயரைப் படியுங்கள்

ஒரு கடிதம் வருகிறது. "கலெக்டர் ஆபீஸிலிருந்து" என்று எழுதியிருக்கிறது. முகவரியின் கடைசியில் வேறு ஏதோ ஊர்ப் பெயர் இருக்கிறது. நம்புவோமா? மாட்டோம்.

இணைய முகவரியிலும் அப்படித்தான். ஊர்ப் பெயர் கடைசியில் இருக்கும். முகவரியின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடுகள் சேர்ந்து வரும். அதற்குப் பிறகு பெயர் வரும். அடுத்து ஒரு தனிச் சாய்கோடு வந்தால், அதற்கு முன்னால் முடிவதுதான் ஊர்ப் பெயர்.

மத்திய, மாநில அரசுகளின் இணைய முகவரி பெரும்பாலும் "கவ் டாட் இன்" என்று முடியும். அரசு அல்லாதவர்களுக்கு அந்தப் பெயர் கொடுக்கப்படுவதில்லை. வங்கிகளுக்கும் தனி ஊர்ப் பெயர் வந்துவிட்டது. 2025-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. வங்கிகள் தங்கள் முகவரியை அந்த ஆண்டு அக்டோபர் 31-க்குள் "பேங்க் டாட் இன்" என்று முடியும்படி மாற்ற வேண்டும் என்றது.

திருடன் என்ன செய்வான்? வங்கியின் பெயரை முன்னால் போடுவான். ஊர்ப் பெயர் வேறாக இருக்கும். நாம் முன்னால் இருப்பதை மட்டும் படித்துவிட்டு நம்பிவிடுவோம் என்று அவன் கணக்கு. ஆகவே கடைசி வரை படியுங்கள்.

ஆங்கில எழுத்துத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பழகலாம். பிள்ளைகள் வீட்டில் இல்லையா? அதைவிட எளிய வழி உண்டு. லிங்கைத் தொடாமல் விட்டுவிடுங்கள். தொடாததால் யாருக்கும் பணம் போனதில்லை.

பணம் வர பின் எண் வேண்டாம்

இது சந்தையில் பொருள் விற்பவர்களுக்கு. போனில் பணம் வாங்குகிறவர்கள் எல்லாருக்கும்.

2016-ஆம் ஆண்டு யு.பி.ஐ. வந்தது. இன்று பூக்காரம்மா கூடையிலும் ஒரு சதுரப் படம் தொங்குகிறது. க்யூ.ஆர். என்கிறோம். வாங்குகிறவர் அதைப் படம் பிடிக்கிறார். அவருடைய பின் எண்ணைப் போடுகிறார். நமக்குப் பணம் வருகிறது.

கவனியுங்கள். பின் எண் போட்டது யார்? பணம் கொடுத்தவர். வாங்கியவர் போடவில்லை.

பழைய கட்டிலையோ மாட்டையோ விற்க போனில் விளம்பரம் கொடுத்தால் ஒருவன் கூப்பிடுவான். பேரம் பேச மாட்டான். "பணம் அனுப்புறேன். இந்தக் க்யூ.ஆரைப் படம் பிடிச்சு உங்க பின் நம்பரைப் போடுங்க. பணம் உங்களுக்கு வந்திடும்" என்பான். போட்டால் பணம் வராது, போகும்.

நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். பணம் வருவதற்குப் பின் எண் வேண்டாம். பணம் போவதற்குத்தான் பின் எண். உண்டியலில் காசு போடச் சாவி வேண்டுமா? எடுக்கத்தான் சாவி வேண்டும்.

வித்யாசாகர் இருந்த ஊர்

ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஜாம்தாரா என்று ஒரு மாவட்டம் உண்டு. அங்கே கர்மாடாட் என்று ஓர் ஊர்.

வங்காளத்தின் பெரிய அறிஞர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர். 1820-இல் பிறந்தவர், 1891-இல் மறைந்தவர். கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளச் சட்டம் வரப் பாடுபட்டவர். 1856-இல் அந்தச் சட்டம் வந்தது. வங்காளக் குழந்தைகள் எழுத்துக் கற்க 1855-இல் ஒரு பாடநூல் எழுதினார். அவர் தம் கடைசிக் காலத்தில் சுமார் 18 ஆண்டுகள் தொடர்பு கொண்டு வாழ்ந்த ஊர் கர்மாடாட். சந்தால் பழங்குடி மக்கள் நடுவில் வீடு வைத்திருந்தார். அங்கே பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். இலவசமாக மருந்து கொடுத்தார். இன்னொன்றும் செய்தார். பகலெல்லாம் உழைத்துவிட்டு வரும் பெரியவர்களுக்கு இரவுப் பள்ளி நடத்தினார். இன்று நாம் உட்கார்ந்திருக்கிறோமே, இதே போன்ற பள்ளி. அந்த ஊர் ரயில் நிலையத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

2010-க்குப் பிறகு அதே ஜாம்தாராவின் பெயர் வேறு விதமாக நாடெங்கும் பரவியது. அங்கிருந்த சில இளைஞர்கள் கையில் போனை வைத்துக்கொண்டு, "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். பல மாநிலப் போலீசார் அவர்களைத் தேடி அங்கே போனார்கள். அந்த மாவட்டத்தில் பெரும்பாலோர் உழைத்துப் பிழைப்பவர்கள். சிலர் செய்த தவறு எல்லாருடைய பெயரையும் கெடுத்தது.

இன்று இந்தத் திருட்டு ஒரே ஊரில் இல்லை. பல மாநிலங்களில் இருக்கிறது. கம்போடியா, மியான்மர் போன்ற நாடுகளிலும் இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் நாட்டுப் பிள்ளைகளையே அங்கே அடைத்துவைத்து, இப்படிப் பேச வைத்த கொடுமையும் நடந்தது. பலரை இந்திய அரசு மீட்டு வந்திருக்கிறது.

ஜாம்தாராவில் 2020-க்குப் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. மாவட்ட நிர்வாகம் பாழடைந்து கிடந்த அரசுக் கட்டடங்களைப் பழுதுபார்த்தது. ஊராட்சிதோறும் நூலகம் திறந்தது. போன் திருட்டுக்குப் பேர்போன இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறார்கள்.

எழுத்து ஒரு கத்தி போல. காய் நறுக்கவும் ஆகும், கையை வெட்டவும் ஆகும். அதற்காகக் கத்தியே வேண்டாம் என்று யாரும் சமையலை விடுவதில்லை. பிடிக்கக் கற்றுக்கொள்கிறோம்.

பணம் போய்விட்டால்

இவ்வளவு சொல்லியும் ஒரு நாள் தவறிவிடலாம். யாருக்கும் தவறும். அப்போது என்ன செய்வது?

முதல் வேலை, வெட்கத்தை விடுங்கள். திருடியவன்தான் வெட்கப்பட வேண்டும். இழந்தவர் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இரண்டாவது வேலை, 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். நான்கே எண்கள். ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம். இது இந்தியா முழுவதற்கும் உள்ள அரசின் உதவி எண். நாம் சொல்லும் புகார் உடனே வங்கிக்குப் போகும். பணம் இன்னும் திருடன் கணக்கில் கிடந்தால், அதை எடுக்க முடியாதபடி வங்கி நிறுத்தும். வேறு வங்கிக்குப் போயிருந்தால் அங்கே செய்தி போகும். திருடன் பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே இருப்பான். ஆகவே இது ஓட்டப்பந்தயம். ஒவ்வொரு நிமிடமும் பணம்.

மூன்றாவது வேலை, உங்கள் வங்கிக்குச் சொல்லி கார்டையும் கணக்கையும் நிறுத்துங்கள். வங்கியின் எண் கார்டின் பின்பக்கம் இருக்கும், பாஸ்புக்கில் இருக்கும். இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். அங்கேயும் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நான்காவது வேலை, ஒரு தாளில் எழுதுங்கள். நாம்தான் எழுதக் கற்றிருக்கிறோமே! வங்கியின் பெயர், கணக்கு எண், எவ்வளவு பணம், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த எண்ணிலிருந்து கூப்பிட்டான். அந்தச் செய்திகளை போனிலிருந்து அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி. போலீஸ் நிலையத்திலும் எழுத்தில் புகார் கொடுக்கலாம். கம்ப்யூட்டர் அல்லது போன் வழியாக வேறு ஒருவர் போல நடித்து ஏமாற்றினால் 3 ஆண்டு வரை சிறை உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு இதைச் சொல்கிறது.

வங்கிக்குச் சொல்வது ஏன் அவசரம்? 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. நாமே ரகசிய எண்ணைச் சொல்லிப் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில் என்றது. தெரிவித்த பிறகும் பணம் போனால் அதற்கு வங்கி பொறுப்பு என்றது. விதிகள் காலத்துக்குக் காலம் மாறலாம். பாடம் மாறாது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

தையற்காரம்மா என்ன ஆனார்?

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்தான் 1930-க்குப் போன் போட்டுக் கொடுத்தாள். அப்போது மணி காலை 11. பணம் போய் 15 மணி நேரம் ஆகிவிட்டது.

முதலில் போன 9,500 ரூபாயை அன்று இரவே யாரோ ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டிருந்தார்கள். இரண்டாவதாகப் போன 9,000 ரூபாய் ஒரு கணக்கில் கிடந்தது. அதை நிறுத்திவிட்டார்கள். வங்கிக்கும் போலீஸ் நிலையத்துக்கும் சில மாதங்கள் நடந்தார். அந்த 9,000 கைக்கு வந்தது.

இரவே சொல்லியிருந்தால் முழுதும் கிடைத்திருக்குமோ? இருக்கலாம். வெட்கத்துக்கு அவர் கொடுத்த விலை 9,500 ரூபாய்.

மகள் கல்லூரியில் சேர்ந்தாள். மீதிப் பணத்துக்கு அந்த அம்மா இரவெல்லாம் தைத்தார்.

இப்போது அவர் மிஷினுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அவரே எழுதியது. கொஞ்சம் கோணல்மாணலான எழுத்து.

"1930. ஆறு நம்பரை யாருக்கும் சொல்லாதே. பணம் வரப் பின் வேண்டாம். அவசரம் என்றால் போனை வை."

ஆங்கிலத்தில் செய்தி வந்தால் பக்கத்து வீட்டுப் பெண் வரும் வரை வைத்திருப்பார். அவள் படித்துச் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. மகளிடம் ஆங்கில எழுத்தும் கற்க ஆரம்பித்திருக்கிறார்.

ஒரு நாள் மாமியாரின் போன் மணி அடித்தது. முதியோர் ஓய்வூதியம் நின்றுவிடும் என்று ஒரு செய்தி. கிழவி அந்த எண்ணுக்குப் போன் செய்யவில்லை. மெல்ல எழுந்து மிஷின் பக்கம் வந்தார். போனை நீட்டினார்.

"ஏம்மா, இதுல என்ன எழுதியிருக்கு? நீ படிச்சுச் சொல்லு."

மருமகள் மிஷினை நிறுத்தினார். எழுத்துக் கூட்டி, கடைசி வரை படித்தார். "இதைத் தொட வேணாம் அத்தை. நாளைக்கு நேரா ஆபீஸுக்கே போய்க் கேட்டுக்கலாம்" என்றார்.

மறுநாள் இருவரும் போய்க் கேட்டார்கள். ஓய்வூதியம் நிற்கவில்லை.

அன்பார்ந்தவர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளை எடுங்கள். 1930 என்று பெரிதாக எழுதுங்கள். போன் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அக்கம்பக்கத்தில் படிக்கத் தெரியாதவர் இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள்.

வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்க மாட்டோம் என்று சொல்லித்தான் எழுத்துக் கற்க வந்தோம். போனில் கேட்டாலும் வைக்க மாட்டோம்.